ஜாடிக்கு அடியில் ஒட்டிய சீட்டு

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கலில்லாமல் சொல்வான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் பொருட்களை எண்ணச் சொன்னால் தடுமாறுகிறான். ஒன்றை விட்டுவிடுகிறான், இன்னொன்றை இரண்டு தடவை எண்ணுகிறான். உத்தேசமாகச் சொல்லவும் பழக்குங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். அதனால் தினமும் மாலையில் ஒரு ஜாடியில் முப்பது, நாற்பது மணிகளைப் போட்டு, "எத்தனை இருக்கும்?" என்று கேட்கிறேன். எனக்கு மறந்துவிடக் கூடாது என்று முன்பே எண்ணி, விடையை ஒரு சீட்டில் எழுதி ஜாடிக்கு அடியில் ஒட்டிவைப்பேன். அவன் எப்போதும் "நூறு" என்கிறான், இல்லாவிட்டால் பேசாமல் என் முகத்தையே பார்க்கிறான். இப்போது ஜாடியை எடுத்தாலே அழுகை. எனக்குச் சிறு வயதிலிருந்தே கணக்கு என்றால் பயம். அவனுக்கும் அது வந்துவிடுமோ? அவன் அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா?

– ஒரு தாய்

பதில்: மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ஜாடிக்குப் பதில் அட்டை இருக்கும், அட்டைக்குப் பதில் செல்போன் செயலி இருக்கும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். அதனால் உங்கள் கடிதத்தையும் பாதி வரை வேகமாகத்தான் படித்தேன். சீட்டு வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

மணிகளை எண்ணுகிறீர்கள், விடையை எழுதுகிறீர்கள், ஒட்டுகிறீர்கள், அப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டு "உத்தேசமாகச் சொல்லு" என்கிறீர்கள். உத்தேசம் எப்போது தேவைப்படுகிறது? எண்ணுவதற்கு நேரமில்லாதபோது, எண்ணவே முடியாதபோது, யாருக்குமே சரியாகத் தெரியாதபோது. விடையை அடியில் ஒட்டிவைத்திருக்கிற ஜாடியிடம் உத்தேசத்துக்கு என்ன வேலை? அது பரீட்சை. நாலரை வயதுக்கு அதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரிந்துதான் ஜாடியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். விடை எங்கே இருக்கிறதோ அங்கே தேடுகிறான். புத்தியில்லாத பிள்ளை செய்கிற காரியமா இது?

மறந்துவிடக் கூடாது என்று ஒட்டினேன் என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறந்தால் இன்னொரு தடவை எண்ணினால் போயிற்று. அதைத்தானே அவனுக்குப் பழக்கப் பார்க்கிறீர்கள்? பிள்ளை முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஒட்டிய சீட்டு அது. நாலு வரி தள்ளி, கணக்கு என்றால் பயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் பிள்ளைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் மாலையில் நீங்களே அதைப் பரிமாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 2015-ல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு இது: கணக்குப் பயமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகத்தான் கற்றார்கள், அவர்களுக்கே கணக்குப் பயமும் கூடியது. அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. பயம் இருப்பது குற்றமில்லை. அதை மறைத்துக்கொண்டு பரீட்சை வைப்பதுதான் வினை.

சரி, இனி பிள்ளையின் பக்கம் வருவோம்.

நூறு வரை சொல்வது எண்ணுவது ஆகாது. அது மனப்பாடம். நல்ல மனப்பாடம்தான், அதோடு சரி. எண்ணுவதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று 1978-ல் ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இதில் உங்கள் மகனுக்கு வரிசை வந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. மூன்றாவது வந்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதைப் பார்ப்பது சுலபம். அவனை எண்ணச் சொல்லாதீர்கள். "ஐந்து மணி எடுத்துக் கொடு" என்று கையை நீட்டுங்கள். கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தால், ஐந்து என்ற சொல் அவனுக்கு இன்னும் ஓர் ஓசை மட்டும்தான். பிள்ளைகள் முதலில் ஒன்றை மட்டும் சரியாகக் கொடுப்பார்கள், சில மாதம் கழித்து இரண்டை, அப்புறம் மூன்றை. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில், பெரும்பாலும் மூன்றரை, நாலு வயதையொட்டி, எண்ணினால் எதையும் சரியாகக் கொடுக்கலாம் என்பது பிடிபடுகிறது. சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். பிடிபடாத பிள்ளையிடம் "எத்தனை?" என்று கேட்டால் எண்ணி முடிப்பான்; "அப்போ எத்தனை?" என்று திரும்பக் கேட்டால் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான். கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா?

இந்த நிலையில் இருக்கிற பிள்ளையை விருந்தாளி முன் நிறுத்தி நூறு வரை சொல்லவைப்பதை நிறுத்துங்கள். நீங்கள் கைதட்டுகிற இடத்தில்தான் கணக்கு இருக்கிறது என்று அவன் நினைப்பான்.

அவன் சொல்கிற "நூறு" பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் பூஜ்யம், மறு முனையில் நூறு என்று எழுதி, பத்து எங்கே வரும் என்று சிறு பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் சிறிய எண்களைத் தாராளமாகப் பரப்பி வைத்துவிட்டு, பெரிய எண்களையெல்லாம் கடைசியில் நெருக்கி அடைப்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு வரும்போதுதான் இடைவெளிகள் ஒழுங்காகின்றன. உங்கள் மகனுக்கு முப்பதும் எண்பதும் ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன, அந்த மூட்டைக்கு அவன் வைத்திருக்கிற பெயர் நூறு. "நிறைய இருக்கு அம்மா" என்கிறான். நாற்பது மணிக்கு அது சரியான பதில்தான். நீங்கள் சீட்டைத் திருப்பிப் பார்த்து "தப்பு" என்கிறீர்கள்.

நாற்பதை ஒரு பார்வையில் சொல்ல உங்களால் முடியுமா? 1871-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், ஒரு பெட்டியில் மொச்சைகளை வீசி, பார்த்த கணத்தில் எத்தனை என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். 1,000-க்கும் மேற்பட்ட தடவை. மூன்றிலும் நான்கிலும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஐந்திலேயே தப்பு எட்டிப் பார்த்தது, எண்ணிக்கை ஏற ஏறத் தப்பும் ஏறியது. படித்த, வளர்ந்த மனிதரின் கண்ணுக்கே எல்லை அதுதான். இன்னொரு பக்கம், ஆறு மாதக் குழந்தைக்குக்கூட எட்டுப் புள்ளிக்கும் பதினாறு புள்ளிக்கும் வித்தியாசம் தெரிகிறது, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் தெரிவதில்லை என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, அதிகம், குறைவு என்ற உணர்வு பேச்சுக்கு முன்பே வந்துவிடுகிறது. "எத்தனை?" என்பது ரொம்பப் பிந்தி வருகிற கேள்வி. நீங்கள் கடைசிக் கேள்வியில் தொடங்கியிருக்கிறீர்கள்.

அதனால் சீட்டைக் கிழித்துப் போடுங்கள், ஜாடியைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வையுங்கள். இனி நீங்களும் எண்ணாத பொருளை மட்டுமே அவன் முன் வைக்க வேண்டும். பத்துக்குள் இருக்கட்டும். முதலில் இரண்டு குவியல் வைத்து, எது அதிகம் என்று கேளுங்கள். அப்புறம் ஐந்து பொத்தானைத் தனியாக எடுத்து அவன் கண் முன் வைத்துவிட்டு, "இது ஐந்து. அந்தக் குவியல் இதைவிட அதிகமா, குறைவா?" என்று கேளுங்கள். உத்தேசத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். வெறும் காற்றில் யாரும் சொல்ல முடியாது. அவன் சொன்ன பிறகு நீங்களும் ஒரு எண் சொல்லுங்கள். வாய்க்கு வந்ததை, துணிந்து. பிறகு இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். பாதியில் நிறுத்தி, மிச்சத்தைக் காட்டி, "இப்போ மாற்றிச் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். மாற்றலாம் என்று தெரிந்தால்தான் பிள்ளை வாயைத் திறக்கும். உங்கள் எண் தப்பாகும். தப்பாகட்டும். அம்மா தப்பாகச் சொன்னாள், சிரித்தாள், மறுபடி சொன்னாள் என்பதை அவன் பார்க்க வேண்டும். பெற்றவள் செய்ய வேண்டிய காரியங்களில் இதுவும் ஒன்று, இதை எந்த ஆசிரியரும் உங்களுக்காகச் செய்து தர முடியாது.

விட்டு விட்டு எண்ணுவதற்குக் கைதான் மருந்து. பொருள் கலைந்து கிடந்தால் எது எண்ணியது, எது எண்ணாதது என்று தெரியாது. எண்ணியதை எண்ணியதும் மறுபக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். விரலால் சுட்டுவது போதாது, நகர்த்த வேண்டும். அதே பொத்தான்களை நெருக்கியும் பரப்பியும் வைத்தால் பரப்பியதுதான் அதிகம் என்பான். அதற்குத் திட்டாதீர்கள். ஆறேழு வயது வரைக்கும் பிள்ளைகள் அப்படிச் சொல்வதைக் குழந்தை உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்தே பார்த்துவருகிறார்கள். நீங்கள் பேசும்போது, கண்ணெதிரே இருப்பதற்கு எண் சேர்த்துப் பேசுங்கள்: "இங்கே ஆறு கரண்டி இருக்கு, ஒன்று, இரண்டு, மூன்று..." என்று மொத்தத்தை முன்னால் சொல்லி, பிறகு எண்ணிக் காட்டுங்கள். நான்கிலிருந்து பத்து வரையுள்ள எண்களை இப்படிக் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு எண்ணின் பொருள் நன்றாகப் பிடிபடுகிறது என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது.

விளையாட்டு வேண்டுமென்றால் ஒரு நேர்க்கோட்டில் பத்துக் கட்டம் வரைந்து, உள்ளே எண் எழுதி, காய் நகர்த்துங்கள். மூன்றில் நிற்கிற காய் இரண்டு கட்டம் போனால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது, "நாலு, ஐந்து" என்று சொல்ல வேண்டும். பலன் அதில்தான் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை உள்ளது வீட்டு வேலையில். நாலரை வயதுப் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, வீட்டில் ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிற பொறுப்பை அவனிடம் கொடுங்கள். இன்று எத்தனை பேர், யார் வெளியே போயிருக்கிறார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அவன்தான் பார்க்க வேண்டும். ஒரு தட்டுக் குறைந்தால் நீங்கள் "தப்பு" என்று சொல்லவே வேண்டாம், ஒருவர் தட்டில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவனே பார்ப்பான், அவனே எழுந்து போய் எடுத்து வருவான். உங்கள் முகத்தில் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. நேரமாகிறது என்று நீங்கள் பாய்ந்து வைத்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் இங்கே உங்கள் வேலை. மடித்த துணியெல்லாம் இந்தக் கூடையில் அடங்குமா, மிஞ்சுமா என்று அவனைக் கேளுங்கள். உங்களுக்கும் தெரியாத கேள்வி அது.

அடுத்து, நேரமில்லாத அப்பா. பிள்ளை வளர்ப்பது அம்மாவின் கடமை, அப்பா செய்தால் உபகாரம் என்ற ஏற்பாட்டை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்ததையும் ஏற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வாசலிலிருந்து நாற்காலி வரை எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று மகனோடு பந்தயம் கட்ட ஒரு நிமிடம் போதும். அவர் நடந்தால் ஒரு எண் வரும், அவன் நடந்தால் வேறு எண் வரும். ஏன் என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொல்ல அவர் அங்கே இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.

வகுப்பு வேண்டாம். இன்னொரு பரீட்சைக்குக் காசு கட்டுவது அது. பள்ளியில் சேர்ந்து ஓரிரண்டு வருடம் ஆன பிறகும் இரண்டு மூன்று பொருட்களைப் பார்த்துச் சொல்லத் திணறினால், எது அதிகம் என்பதே தெரியாமல் நின்றால், அப்போது ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். கணக்கில் வருகிற உண்மையான கற்றல் குறைபாடு பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தெளிவாகத் தெரியவரும். இப்போதைக்கு மூன்று மாதம் நான் சொன்னபடி செய்துவிட்டு எழுதுங்கள். கடிதத்தில் ஒரு பத்தி அவன் அப்பா எழுதியதாக இருக்கட்டும்.