இன்சுலினோடு வெளிநாட்டுப் பயணம்

கேள்வி: எனக்கு வயது 56. காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறேன். மூட்டுவலி தாங்காத நாட்களில் டிரமடால் மாத்திரை. அடுத்த மாதம் 3 வாரச் சுற்றுலாவாக மேற்கு நாடு ஒன்றுக்குப் போகிறேன். விமானப் பயணம் 10 மணி நேரம், நேர வித்தியாசம் 5 மணி. இன்சுலின் விமானத்தில் கெட்டுவிடுமா? தீர்ந்துபோனால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். இன்சுலினைச் சரக்கில் போடும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே குளிரில் உறைந்துபோனால், பிறகு உருகினாலும் அது பயன்படாது. கைப்பையில் இருக்கட்டும், கூடவே மருத்துவரின் கடிதமும். சோதனையில் எக்ஸ்ரே பட்டால் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகாது.

எனக்குப் பயம் உங்கள் இரண்டாவது கேள்வியில்தான். நீங்கள் சிவப்பு மூடி சிரிஞ்சில் போடுபவராக இருந்தால், உங்கள் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பல நாடுகளில் 100 யூனிட் இன்சுலின்தான் கிடைக்கும். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அந்த இன்சுலினை உங்கள் பழைய சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! மயங்கி விழ அதுவே போதும். அதனால் இன்சுலின், சிரிஞ்ச், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். வாங்கியே ஆகவேண்டுமென்றால் இன்சுலினையும் சிரிஞ்சையும் சேர்த்தே வாங்குங்கள்.

மேற்கே போகும்போது உங்கள் நாள் 5 மணி நேரம் நீளும், இரண்டு ஊசிகளுக்கு நடுவே இடைவெளி கூடும். திரும்பும்போது அது சுருங்கும். அன்று வழக்கமான அளவையே போட்டால் சர்க்கரை இறங்கிவிடலாம். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதை உங்கள் ரீடிங்கைப் பார்க்காமல் நான் சொல்வது சரியல்ல. விமான நேரங்களை எழுதிக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வீட்டில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடும் பழக்கம் விமானத்தில் வேண்டாம். சாப்பாட்டு வண்டி நாலு வரிசை தள்ளி வந்துகொண்டிருக்கும்போதே விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். தட்டு கைக்கு வந்த பிறகு ஊசி. குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அங்குள்ள மருத்துவமனையில் உங்கள் சர்க்கரை 10 என்றால் பதற வேண்டாம். சில நாடுகளில் அளவு முறை வேறு. 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய 180 வரும்.

அப்புறம் அந்த டிரமடால். சில நாடுகளில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். விமானம் மாறும் நாட்டுக்கும் சேர்த்து அந்தந்தத் தூதரகத்தில் விசாரியுங்கள். அனுமதி இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் மாற்று மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் தர மறுப்பார்கள். பயணத்துக்காகப் புது ஷூ வாங்கியிருந்தால் இப்போதே போட்டு நடந்து பழகுங்கள்.