பெங்களூரிலிருந்து ஆன்லைனில் சிசிஎன்ஏ வகுப்பு நடத்த எந்தத் தளம் நல்லது? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினியர். இங்கே பிஜிகளில் (பேயிங் கெஸ்ட் விடுதிகளில்) தங்கி வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் ஆன்லைனில் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலை நெட்வொர்க் சான்றிதழ்) வகுப்பு நடத்த நினைக்கிறார்.

தளத்தைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். மாணவரின் கை எத்தனை மணி நேரம் கீபோர்டில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேர வகுப்பில் நீங்கள் பேசுவது அரை மணியைத் தாண்டினால், அது யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோவைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. அதற்குக் காசு வாங்குவது நியாயமும் இல்லை.

பாடத்திட்டத்தை நீங்களாக எழுத வேண்டாம். சிஸ்கோ தன் தளத்தில் சிசிஎன்ஏவுக்கான 200-301 என்ற எண்ணுள்ள தேர்வின் தலைப்புகளை வெளியிட்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 1.1 பதிப்பை வைத்துச் சொல்கிறேன்: நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், நெட்வொர்க் ஆக்சஸ் 20, ஐபி கனெக்டிவிட்டி 25, ஐபி சர்வீசஸ் 10, செக்யூரிட்டி 15, ஆட்டோமேஷன் 10. இந்த எண்களைவிட, ஒவ்வொரு தலைப்பும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பாருங்கள். ‘கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை’ (அமைத்துச் சரிபார்) என்றிருந்தால் லேப், அதாவது கைப்பயிற்சி, கட்டாயம். ‘டிஸ்கிரைப்’ (விவரி) என்றிருந்தால் படம் வரைந்து விளக்கினால் போதும். எஃப்எச்ஆர்பி (கேட்வே ரவுட்டர் ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் முறை) ‘டிஸ்கிரைப்’ வகையில்தான் வருகிறது. ஆனாலும் பல பயிற்சி நிலையங்களில் அதில் ஒரு வகையான எச்எஸ்ஆர்பியின் கான்ஃபிகரேஷனுக்கு ஒரு முழு வகுப்பைச் செலவழிக்கிறார்கள். சிங்கிள் ஏரியா ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தாமே வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை), ஸ்டாட்டிக் ரூட்டிங் (வழியைக் கையால் எழுதுவது), ஈத்தர்சேனல் (பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது), நாட் (உள் ஐபியைப் பொது ஐபியாக மாற்றுவது), ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடலாம், தடுக்கலாம் என்ற பட்டியல்) எல்லாமே ‘கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை’. மிச்சமாகும் நேரத்தை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.

இனி லேப். கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் போதும், இலவசம்; சிஸ்கோவின் பயிற்சித் தளமான நெட்அகாடமியில் கணக்கு ஒன்று வேண்டும். முதல் நாளே எல்லோரையும் ஒரே பதிப்பை நிறுவச் சொல்லுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. இது தெரியாமல் முதல் லேபிலேயே பாதி வகுப்பு வீணாகும். பேக்கெட் டிரேசரில் ஓடுவது உண்மையான ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) அல்ல, சில கட்டளைகள் அதில் இல்லை என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மாணவர் தப்பு தன்னுடையது என்று நினைத்து மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருப்பார்.

சரியான கட்டளைகளை வரிசையாகக் கொடுத்து டைப் செய்ய வைப்பது லேபின் முதல் பாதிதான். இரண்டாம் பாதியில், ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை நீங்களே கெடுத்து அந்தக் கோப்பைக் கையில் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் அவர்களுக்கு வரும் டிக்கெட்டுகள் (பழுதுப் புகார்கள்) அப்படித்தான் இருக்கும். நான் கட்டாயம் வைக்கச் சொல்லும் பழுதுகள் சில:

ட்ரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் ஸ்விட்ச் இணைப்பில்) விலான் 10, 20 ஓடுகின்றன; விலான் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க். புதிதாக 30 சேர்க்க வேண்டும். ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30’ என்று அடித்தால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் நிற்கும். 10-ம் 20-ம் அந்த நொடியே செத்துவிடும். ‘ஆட்’ என்ற சொல்லை நடுவில் போட்டிருக்க வேண்டும். மாணவர்கள் பிசியின் ஐபி, கேட்வே என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ பார்க்கும்வரை விடை கிடைக்காது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நிஜ நெட்வொர்க்கில் ஒரு அலுவலகத்தையே முடக்கிவிடக்கூடிய தவறு இது. லேபில் ஒருமுறை செய்து அனுபவித்தவர் பிறகு செய்யமாட்டார்.

ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு பக்கம் ஹலோ டைமரை (‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் இடைவெளி) 10 நொடியிலிருந்து 5 ஆக மாற்றுங்கள். ஹலோ வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற டெட் டைமரும் தானாக 40-லிருந்து 20 ஆகிவிடும். நெய்பர் (பக்கத்து ரவுட்டருடனான உறவு) உடனே விழாது. டெட் டைமர் தீர்ந்த பிறகுதான் விழும். மாற்றியவுடன் ‘ஷோ’ போட்டுப் பார்க்கும் மாணவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்கும் பழக்கத்தை இங்கே கற்றுக்கொடுக்கலாம்.

நாட் பூலில் ஒரே ஒரு பொது ஐபி வைத்து ‘ஓவர்லோட்’ (ஒரே ஐபியைப் பலர் பகிர விடும்) சொல்லை எடுத்துவிடுங்கள். முதல் பிசி வெளியே போகும், இரண்டாவது போகாது. கேபிள் பழுது என்று சத்தியம் செய்வார்கள்.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) லேபில் சாவி உருவாக்கும்போது எத்தனை பிட் என்று கேட்கும். பேசாமல் என்டர் தட்டினால் 512 என்று எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எச் பதிப்பு 2-க்குக் குறைந்தது 768 வேண்டும் என்பதால் அது எழாது. 2048 என்று டைப் செய்யப் பழக்குங்கள். அதற்கு முன்பே ஹோஸ்ட்நேமும் டொமைன் நேமும் வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: கண்ட அறிகுறி என்ன, எந்தக் கட்டளை காட்டிக்கொடுத்தது, எதை மாற்றினீர்கள். இந்த மூன்று வரி வந்த பிறகே விடை. லேபை முடித்ததும் ரவுட்டரை ரீலோட் செய்ய வையுங்கள். சேமிக்காமல் விட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் தவறாமல் சப்நெட்டிங், அதாவது ஐபி முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு. 172.16.5.130/26 என்றால் நெட்வொர்க் 172.16.5.128, பிராட்காஸ்ட் 172.16.5.191, நடுவில் 62 ஹோஸ்ட். இதை அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். தேர்வு 120 நிமிடம். விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கணக்கில் தயங்கும் பிள்ளைக்கு மற்ற கேள்விகளில் நேரம் போதாது.

விளக்கம் தாராளமாகத் தமிழில் இருக்கட்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஏஆர்பி (ஐபியை வைத்து மேக் முகவரியைக் கண்டுபிடிப்பது) எப்படி வேலை செய்கிறது என்பது தமிழில் சொன்னால் ஒரே தடவையில் பிடிபடும். கலைச்சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். தேர்வும் இன்டர்வியூவும் ஆங்கிலத்தில்தான். வாரம் பத்து கேள்விகளை ஆங்கிலத்தில் உரக்க வாசிக்க வைத்து, கேள்வி என்ன கேட்கிறது என்பதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘இரண்டைத் தேர்ந்தெடு’ என்பதைக் கவனிக்காமல் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) வகுப்பும் எடுக்கும் எண்ணம் இருந்தால், அந்தத் தேர்வில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கேட்டால் அந்தப் பதிவுக்குப் பொருந்தாது.

இப்போது தளம். நேரலைக்கு ஜூம், கட்டணத் திட்டம். இலவசத்தில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பிரேக்அவுட் அறைகளில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் திரையைப் பகிர மற்றவர் வழிசொல்ல வேண்டும். நீங்கள் அறை அறையாகப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருவர் திரையையும் பார்க்க முடியாது. மாணவரின் மவுஸை நீங்கள் வாங்கி இயக்கவே கூடாது.

பதிவு வீடியோக்களைப் பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். டெர்மினல் எழுத்தை 20 அளவுக்கு மேல் வையுங்கள், ஒரு வீடியோவில் ஒரே ஒரு வேலை, பத்து நிமிடத்துக்குள். திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், போதுமானது.

தேர்வுப் பயிற்சிக்கு மூடுல் (ஆன்லைன் பாடம், தேர்வு நடத்தும் இலவச மென்பொருள்) வைத்துக்கொள்வதே என் கருத்தில் சரி. சொந்தமாக நிறுவினால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கிரான் (பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக இயக்குவது) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் மின்னஞ்சல் போகாது, நேரம் முடிந்த தேர்வுகள் தானாகச் சமர்ப்பிக்கப்படாமல் தொங்கும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். யுடிசியில் விட்டுவிட்டு இரவு 8 மணிக்குத் தேர்வு வைத்தால் அது நள்ளிரவு தாண்டி 1.30-க்குத் திறக்கும். வீடியோவை உள்ளே ஏற்றாதீர்கள், பேக்கப் வீங்கிவிடும். மூடுலின் வினாத்தேர்வுப் புள்ளிவிவரப் பக்கத்தைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. கேள்விவாரியாக எத்தனை சதவீதம் பேர் சரியாகப் போட்டார்கள், நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுபவர்களும் அதில் எப்படிப் பிரிகிறார்கள் என்று காட்டும். நன்றாகப் படிப்பவர்களே ஒரு கேள்வியில் அதிகம் தவறினால், பெரும்பாலும் உங்கள் விடைக்குறிப்பு தப்பு அல்லது கேள்வியின் வாசகம் குழப்பம்.

சனி, ஞாயிறு மட்டும் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு சில்க் போர்டு சந்திப்பில் சேலம், தர்மபுரி பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் உங்கள் மாணவர்கள் இருப்பார்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டிய வாரங்களில் வகுப்பு காலியாகிவிடும். வாரநாளில் இரண்டு இரவு, 9 மணிக்கு மேல் லேப். ஞாயிறு காலையில் சந்தேகங்களுக்கு ஒரு மணி நேரம். இரவு ஷிப்டு பார்ப்பவர்கள் அந்த ஞாயிறு வகுப்பையாவது பிடித்துக்கொள்வார்கள்.

டம்ப்ஸை (திருட்டுத்தனமாக வெளியே வந்த தேர்வுக் கேள்விகளை) எந்த வடிவத்திலும் உள்ளே விடாதீர்கள். வெளியில் நின்று ‘உத்தரவாதமாக பாஸ்’ என்று விற்பவர்களிடம் இரண்டு நாளில் சான்றிதழ் கிடைக்கலாம். தேர்வின் ரகசிய ஒப்பந்தத்தை மீறினால் சிஸ்கோ அந்தச் சான்றிதழை ரத்து செய்யலாம். அதைவிட வேதனை, இன்டர்வியூவில் ‘இந்த ட்ரங்க் ஏன் எழவில்லை’ என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை வாயடைத்து உட்கார்ந்திருப்பது. வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது.

தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. அதனால் தேர்வுப் பதிவையும் வகுப்பிலேயே சேர்ந்து செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கு முன்னெழுத்துப் பிரச்சினை உண்டு: கல்லூரிச் சான்றிதழில் ‘எஸ்’ மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் பெயர், தேர்வன்று காட்டும் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போகும். பதிவுக்கு முன்பே திருத்திவிடுங்கள். பிஜியில் இருப்பவர் வீட்டிலிருந்து எழுதும் ஆன்லைன் தேர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அறைத் தோழர் கதவைத் திறந்து உள்ளே வந்தாலே தேர்வு நிறுத்தப்படலாம். காகிதத்துக்கும் அனுமதியில்லை, திரையில் மவுஸால் எழுதித்தான் சப்நெட் போட வேண்டும். தேர்வு மையத்துக்கே போகச் சொல்லுங்கள்.

தோற்றால், மறுநாளிலிருந்து எண்ணி ஐந்து நாள் காத்திருந்தே திரும்ப எழுத முடியும். மதிப்பெண் அறிக்கையில் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனிச் சதவீதம் வரும். மிகக் குறைவாக வந்த இரண்டு பகுதிகளின் பழுது லேப்களை மட்டும் அந்த நாட்களில் திரும்பக் கொடுங்கள்.