செவுளில் வெள்ளைப் பஞ்சு: மருந்தை விடக் குளிர்தான் முதலில்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் 2 அடித் தொட்டி, தண்ணி 30 பாகை செல்சியஸ், அக்சலோட்டல் (செவுள் வெளியில் தெரியிற நீர்வாழ் சலமாண்டர்) 4 நாளாகச் சாப்பிடவில்லை, செவுள் முன்பக்கம் வளைஞ்சு நுனியில் வெள்ளைப் பஞ்சு என்று எழுதியிருந்தீங்கள். பஞ்சு பூஞ்சணம்தான், ஆனால் மூல காரணம் சூடு. மெக்சிக்கோவின் மலைநாட்டு ஏரிப் பிராணி இது. 16–18 பாகைதான் அதுக்குச் சுகம், 24ஐத் தாண்டினால் நோயை எதிர்க்கும் சக்தி விழுந்திடும்.

இண்டைக்கே மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், உடல் முழுக்க மூழ்குமளவு சுத்தத் தண்ணி விட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கோ. 5–8 பாகை போதும். மூடியில் துளை இருக்கட்டும். தினமும் முழுத் தண்ணியையும் மாத்துங்கோ. மாத்துற தண்ணியும் அதே பிரிட்ஜில் குளிர்ந்ததாய் இருக்கவேணும். இந்தக் குளிரில் பசி குறையும், வற்புறுத்தி ஊட்டாதேங்கோ.

பஞ்சுக்கு: லீற்றருக்கு 2 தேக்கரண்டி அயடீன் சேராத உப்புக் கரைச்ச வேறு தண்ணியில் 10 நிமிடம் விடுங்கோ, நாளுக்கு இரண்டு தரம். நேரம் கூடினால் செவுளே கருகும்.

எங்கட சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணியின் கடினத்தன்மை இதுக்கு நல்லதுதான். தோட்டப் பக்கக் கிணறெண்டால் நைத்திரேற்றைக் கட்டாயம் சோதியுங்கோ, உரம் இறங்கியிருக்கும். தொட்டியில் கழிவால் வாற நஞ்சுகளான அமோனியா, நைத்திரைற்று இரண்டும் 0 ஆகாமல் அதைத் திருப்பி விடாதேங்கோ.

மின்விசிறி 2–3 பாகைதான் குறைக்கும். ஐஸ் போத்தல் போட்டால் வெப்பநிலை ஏறி இறங்கும், அது இன்னும் கெடுதல். யாழ்ப்பாண வெயிலுக்குச் சில்லர் (தொட்டித் தண்ணியைக் குளிராக்கிற கருவி) இல்லாமல் இதை வளர்க்கேலாது.