திருநெல்வேலிப் பக்கம் பி.எட். சேரப் போகிறேன். எந்த மாதிரிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது? அந்த இரண்டு வருடத்தில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறீர்கள், ஊர் முக்கூடல் பக்கம். வீட்டுக்கு அருகில், வகுப்புக்கு வராமலே முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் கல்லூரி ஒன்று இருக்கிறது. இன்னொன்று பாளையங்கோட்டையில்; தினமும் பஸ் ஏறிப் போய் வர வேண்டும். தம்பி பிளஸ் டூ படிக்கிறான், அவனுக்கும் ஆசிரியர் ஆசை.

பாளையங்கோட்டைக்கே போங்கள். பஸ்ஸில் போகும் நேரத்தை யோசித்துத் தயங்க வேண்டாம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. பி.எட். மாணவிகள் டீச்சிங் பிராக்டிஸுக்கு எங்கள் பள்ளிக்கு வரும்போது கணிதத்துக்கு வழிகாட்டி ஆசிரியை நான்தான். பல கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துவிட்டேன். பயிற்சியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, ஆனால் அதில் முக்கால்வாசி கல்லூரியில் இல்லை, அவர்கள் உங்களை அனுப்பப்போகும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு கல்லூரி நல்ல கல்லூரியா என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: டீச்சிங் பிராக்டிஸை அது எவ்வளவு அக்கறையாக நடத்துகிறது?

விதிமுறை என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டுவந்த விதிகளின்படி, 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதற்கு முன்பு ஒரு வருடம். ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் நடக்க வேண்டும். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். பள்ளியில் கழிக்க வேண்டியது மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. கூடுதலாகச் சேர்த்த ஒரு வருடத்தின் நோக்கமே பெரும்பாலும் இந்தப் பள்ளி வாரங்கள்தான். வகுப்புக்கு வர வேண்டாம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அது உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருளை எடுத்துக்கொண்டு வெறும் உறையை மட்டும் கையில் தருகிறது.

அப்படி முடித்து வேலைக்கு வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுச் சூழ்நிலை, கல்யாணம், கைக்குழந்தை, தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அவர்கள் வேலையில் சேர்ந்த முதல் வருடம் படும் பாட்டைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் தனியாக நிற்கும்போது, பின்னால் உட்கார்ந்து கவனித்துச் சொல்ல ஒரு ஆள் அப்போது கிடைக்க மாட்டார். அந்த ஆள் கிடைப்பது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான்.

நம் வட்டாரத்துக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. பாளையங்கோட்டையில் 1820-களில் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் பள்ளிகளையும், அவற்றுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் வேலையையும் தொடங்கிவிட்டார். தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950-லும், பெண்களுக்கான தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957-லும் வந்தன. முன்பெல்லாம் நம் பக்கத்துக் கல்வியியல் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுத்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 2008-ல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று தனியாகச் சென்னையில் ஒன்று ஏற்படுத்தி, பி.எட். கல்லூரிகளை அதன்கீழ் கொண்டுபோனார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தவிர மற்றவற்றுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் அங்கிருந்து வருகின்றன. அதனால் தாளில் பார்த்தால் பெரும்பாலான கல்லூரிகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பள்ளிக்கு அனுப்பும்போதுதான்.

எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் வகுத்தல் நடத்தினாள். லெசன் பிளான் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். நோக்கம், முன்னறிவு, கற்பித்தல் துணைப்பொருள், மதிப்பீடு எல்லாம் கட்டம் போட்டு. கரும்பலகையில் 1000-ஐ 25-ஆல் வகுத்துக் காட்டினாள். பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்து எழுதினார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை பென்சிலையே தொடவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். கமிஷனுக்கு, அதாவது செய்முறைத் தேர்வுக்கு, மார்க் போட வந்திருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்த மாணவியின் கல்லூரியில், நடத்திய ஒவ்வொரு பாடத்துக்கும் ‘யாருக்குப் புரியவில்லை, ஏன்’ என்று தனியாக எழுதி வாங்குவார்களாம். அதனால் மத்தியானம் சத்துணவு வேளையில் அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு கொடுத்ததில் தெரிந்தது, அம்மா பீடி சுற்றுகிறவர். சாயங்காலம் சுற்றி முடித்ததும் கட்டு எண்ணிச் சொல்வது இந்தப் பிள்ளைதான். ஒரு கட்டுக்கு 25 பீடி. “ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு வரும்?” என்று கேட்டிருக்கிறாள். “நாப்பது” என்று பட்டென்று பதில். எப்படிச் சொன்னாய் என்றதற்கு, “நாலு கட்டு நூறுல்லா டீச்சர். அப்போ பத்து நூறுக்கு நாப்பதுல்லா” என்றிருக்கிறது பிள்ளை.

காலையில் கரும்பலகையில் செய்யத் தெரியாமல் முழித்த அதே கணக்கு.

மறுநாள் அந்த மாணவி பாடத்தை முதலிலிருந்து மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். நான்கு 25 நூறு என்பதில் தொடங்கினாள், நூறு நூறாகக் கழித்துக்கொண்டே போனாள், கடைசியில்தான் வகுத்தல் கோட்டைப் போட்டு, இதுவரை செய்ததைத்தான் இந்த வடிவத்தில் எழுதுகிறோம் என்று காட்டினாள். வகுப்பில் முதலில் கை தூக்கியது அந்த மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை. கணக்கு வராத பிள்ளை என்று ஒரு வருடம் முழுக்க எண்ணியிருக்கக்கூடிய பிள்ளை அது. பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும் பழக்கம் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதில் வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தைப் படித்தும் இது வராது. நல்ல கல்லூரி அனுப்பிய நல்ல பயிற்சியில் வந்தது. பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த முக்கூடல் பக்கத்துப் பெண்ணான உங்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும்.

கல்லூரிக்குள் நடப்பதில் வீண் என்று பலரும் சொல்வது மைக்ரோ டீச்சிங். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் குறை நிறை சொல்லுதல், பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதுதல், திரும்ப ஆறு நிமிடம் பாடம், திரும்ப ஆறு நிமிடம் கருத்து. மொத்தம் 36 நிமிடம். 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு திறனைத்தான் பழக வேண்டும்: கேள்வி கேட்பது, அல்லது உதாரணம் சொல்வது, அல்லது பலகையில் எழுதுவது. கூடப் படிக்கிறவர்களே பிள்ளைகளாக உட்கார்வதால் விளையாட்டாகிவிடுகிறது, உண்மைதான். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பதை அங்கே பழகிவிட்டு வந்தவர்களை எனக்கு வகுப்பறையில் உடனே அடையாளம் தெரியும். பழகாதவர்கள் கேள்வியையும் கேட்டு, இரண்டு நொடியில் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ரெக்கார்டு, சார்ட், ஆல்பம் வேலைகள் நிறைய வரும். கடையில் காசு கொடுத்தால் எழுதியே தருவார்கள். மற்றதை எப்படி முடித்தாலும் கேஸ் ஸ்டடியை மட்டும் நீங்களே செய்யுங்கள். ஒரு பிள்ளையைச் சில வாரம் விடாமல் கவனித்து எழுதும் வாய்ப்பு, வேலைக்கு வந்தபிறகு நேரமில்லாமல் போய்விடும்.

இனி, நம் மாவட்டத்தில் ஆசிரியராகப் போகிறவர் தப்பிக்க முடியாத ஒரு விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பவை அதில் உள்ள பரிந்துரைகளில் சில. சட்டமும் சுற்றறிக்கையும் வரட்டும், வர வேண்டும். ஆனால் பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை தினமும் முடிவு செய்வது நீங்கள். பாடப் புத்தகத்தில் சமத்துவம் பற்றி ஒரு அலகு படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன். எந்தப் பிள்ளையிடமும் “நீ எந்தத் தெரு?” என்று கேட்காதீர்கள். நம் ஊர்ப்பக்கம் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான், அது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உதவித்தொகைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் பிரிவைச் சொல்லி வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், தனித்தனியாகக் கூப்பிட்டு வாங்குங்கள். குழுவாகப் பிரிப்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்துப் பிரியுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். வகுப்பைப் பெருக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஒரே பிள்ளைகளே போகிறார்களா என்று பாருங்கள். ஒரு பையன் கையில் கயிறு இருந்தால் எல்லார் முன்னாலும் அறுக்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இதையெல்லாம் ஒரு கல்லூரி உங்களோடு உட்கார்ந்து பேசுமானால், அது மிக நல்ல கல்லூரி.

அட்மிஷனுக்குப் போகும்போது கேட்க வேண்டியவை இவைதான். பயிற்சிக்கு எந்தெந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள்? அரசுப் பள்ளி உண்டா, தமிழ்வழி வகுப்பு கிடைக்குமா? கல்லூரி ஆசிரியர்கள் எத்தனை தடவை பள்ளிக்கு வந்து முழுப் பீரியடும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள்? கணிதக் கற்பித்தலுக்குத் தனியாக ஆசிரியர் இருக்கிறாரா? அலுவலகத்தில் கேட்பதைவிட, இரண்டாம் வருடம் படிக்கும் மாணவிகள் இரண்டு பேரைக் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள். அவர்களுடைய லெசன் பிளான் நோட்டை வாங்கிப் பாருங்கள். சிவப்பு மையில் வெறும் கையெழுத்து மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் நாலு வரி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டு வரை நடத்த டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, இரண்டாம் தாள் வேண்டும்: 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அதில் 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும், பி.எட். சைக்காலஜியை ஒழுங்காகப் படித்தால் அதற்குத் தனிக் கோச்சிங் தேவைப்படாது. டெட் தேறினால் மட்டும் அரசு வேலை கிடைத்துவிடாது, பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. எம்.எஸ்சி.யும் முடித்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது ஐந்தாம் வகுப்பு வரை நடத்த ஆசை என்றால் பி.எட். உதவாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். நம் மாவட்டத்தில் முனைஞ்சிப்பட்டியில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு: இப்போதே ஆசிரியர்தான் என்று முடிவாக இருந்தால், மூன்று வருடம் டிகிரி, பிறகு இரண்டு வருடம் பி.எட். என்று ஐந்து வருடம் போக வேண்டியதில்லை. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் தென் மாநிலங்களுக்கானது, 1960-களிலிருந்தே இந்தப் படிப்பை நடத்துகிறது, அங்கேயே செயல்விளக்கப் பள்ளியும் உண்டு. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும், இடங்கள் குறைவு. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும்போதே விண்ணப்பத் தேதியையும் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் தேதி போய்விடும்.