கை கால் தளர்ச்சியும் ஆணுறுப்பு விறைப்புக் குறைவும்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

களியக்காவிளை முதல் கூடலூர் வரை கேரள எல்லையோர ஊர்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் நரம்பியல் மருத்துவர்.

கேள்வி (மார்த்தாண்டம், 46 வயது, ரப்பர் பால்வெட்டு): சார், ஒரு வருஷமா ரெண்டு காலும் விறைச்சுக்கிட்டு வருது, மேடு ஏறினா இழுக்குது. ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியல. தாம்பத்தியத்துல விறைப்பும் நிக்கல. இடுப்பு எம்ஆர்ஐ நார்மல். மனசுதான் காரணம்னு அனுப்பிட்டாங்க.

பதில்: இடுப்பு எம்ஆர்ஐ நார்மல் என்றால் இடுப்பு நார்மல், அவ்வளவுதான். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் கண்ணி அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். அங்கே கோளாறு என்றால் கால் துவளும். உங்களுக்குத் துவளவில்லை, விறைக்கிறது. சிறுநீரும் முட்டுகிறது. ஆகவே கழுத்திலோ மார்பு முதுகிலோ தேட வேண்டும். கழுத்து வலியே இல்லாமல் டிஸ்க் தண்டுவடத்தை நசுக்குவதுண்டு. முதுகெலும்புக் காசநோய், கட்டி, பி12 குறைவு ஆகியவையும் இதே மாதிரி வரும்.

சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா, கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். மருத்துவர் முழங்காலைத் தட்டி, உள்ளங்காலைக் கீறி, தொடு உணர்ச்சி உடம்பில் எந்த மட்டத்தில் மாறுகிறது என்றும் பார்க்க வேண்டும். கீறும்போது பெருவிரல் மேலே எழும்பினால் கோளாறு தண்டுவடத்தில் அல்லது மூளையில். இந்தச் சோதனை இல்லாமல் எடுக்கிற ஸ்கேன் இருட்டில் எறிகிற கல். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவுக்குப் போனாலும், பழைய ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு படத்தையும் சிடியையும் எடுத்துப் போங்கள். நடை மோசமாகிக்கொண்டே வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நசுங்கிய தண்டுவடம் இழந்ததை எல்லாம் மீட்பதில்லை.

கேள்வி (செங்கோட்டை, 58 வயது): டாக்டர், பதினோரு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுறேன். பாதம் எரியுது, செருப்பு கழண்டு போனதே தெரியல. இருட்டுல தள்ளாடுது. விறைப்பு போயி ரெண்டு வருஷம். சுகர் இருந்தா அப்படித்தான்கிறாங்க.

பதில்: பாதி சரி, அண்ணாச்சி. சர்க்கரை கால்விரலில் தொடங்கி மேலே ஏறும். விறைப்பைத் தரும் தானியங்கி நரம்புகளையும் கெடுக்கும். அதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஐந்து நிமிடம் படுத்திருந்து பி.பி. பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தானியங்கி நரம்பு பாதித்திருக்கலாம். பி.பி. மாத்திரையாலும் இப்படிக் குறையும்.

மறுபாதி மெட்ஃபார்மின். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். இருட்டுத் தள்ளாட்டம் எனக்கு அதைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேகம். பி12 குறைந்தால் ரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமிலமும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே கெடுவது எங்கே தெரியுமா? அசதி என்று போனதும் சத்து ஊசி போட்டுவிடுவார்கள். அதன் பிறகு எடுக்கிற ரத்தம் நார்மல் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே ஊசி. ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி (கம்பம், 52 வயது, ஏலத்தோட்ட வேலை, பீடி உண்டு): கொஞ்சதூரம் நடந்தா ரெண்டு பிட்டமும் தொடையும் சோர்ந்து வலிக்குது. நின்னா சரியாகுது. விறைப்பும் இல்ல.

பதில்: இது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். வயிற்றுப் பெருந்தமனி இடுப்பில் பிரியும் இடத்தில் அடைத்தால் பிட்டமும் ஆணுறுப்பும் ஒன்றாகவே பட்டினி கிடக்கும். வெறுமனே நின்றால் வலி போகிறதா, உட்கார்ந்தோ முன்னால் குனிந்தோதான் போகிறதா? முதலாவது குழாய், இரண்டாவது பெரும்பாலும் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம். கவட்டியில் நாடி தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. அடுத்தது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர், சிடி ஆஞ்சியோ ஸ்கேன்கள். இதய நாளமும் அடைபட்டிருக்கலாம், இசிஜி எடுங்கள். பீடியை இன்றைக்கே விடுங்கள்.

கேள்வி (வாளையார், லாரியில் மூட்டை ஏற்றுபவர்): முந்தாநாள் மூட்டை தூக்குனதுல இடுப்புல பிடிச்சுக்கிச்சு. உட்கார்ற இடமெல்லாம் மரத்துப்போச்சு, மூத்திரம் முட்டியும் வரல.

பதில்: இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள் தம்பி. நரம்பு வேர்க்கற்றை நசுங்கியிருக்கலாம். இன்றே எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் இன்றே அறுவை. தைலம், உருவுதல், நாளைக்குப் பார்க்கலாம் எதுவும் வேண்டாம்.

கேள்வி (கூடலூர், 41 வயது): தொடை மெலியுது, உதடும் தாடையும் துடிக்குது, கை நடுங்குது. மார்பு பெண்ணுக்கு வர்ற மாதிரி பெருத்திருக்கு. ஆசையும் விறைப்பும் குறைஞ்சு போச்சு. அம்மாவோட தம்பிக்கும் இப்படித்தான். மோட்டார் நியூரான் நோய்னு சொல்லிட்டாங்க.

பதில்: மோட்டார் நியூரான் நோய் என்றால் தசையை இயக்கும் நரம்பு செத்துவருவது. அந்த முடிவுக்கு முன், அதைப் போன்ற பரம்பரை நோயான கென்னடி நோயைச் சோதிக்க வேண்டும். தாய்வழி மாமா, மார்புப் பெருக்கம், உதட்டுத் துடிப்பு மூன்றும் சேர்ந்தாலே நான் அதைத்தான் நினைப்பேன். ஆண் ஹார்மோனைப் பற்றும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவில் சிஏஜி என்ற எழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணும் ரத்தப் பரிசோதனை அது. மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் வழக்கமான எக்ஸோம் சோதனை இதைத் தவறவிடலாம், அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். மற்ற வகையைவிட இது மிக மெதுவாக நகரும், வாழ்நாள் கணக்கே வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்; கெட்ட ஏற்பியோடு அந்த ஹார்மோன் சேர்வதால்தான் நரம்பு அழிகிறது.

கேள்வி (பொள்ளாச்சி, 34 வயது): அசதி, விறைப்புக் குறைவு. சாயங்காலம் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 280. லாட்ஜ் வைத்தியர் லேகியமும் ஊசியும் எழுதியிருக்கார்.

பதில்: மாலை அளவு செல்லாது. நன்றாகத் தூங்கி எழுந்து, காலை பத்து மணிக்குள் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுங்கள். முடிக்காக பயோட்டின் சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அளவைக் குழப்பும். இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் எல்எச், புரோலாக்டின், தைராய்டு ஹார்மோன்களையும் பாருங்கள். புரோலாக்டின் மிகுந்திருந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு எம்ஆர்ஐ. குழந்தை வேண்டும் என்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி கூடாது, விந்தணு உற்பத்தியே நின்றுவிடலாம். லேபிள் இல்லாத லேகியத்தில் ஈயமோ பாதரசமோ இருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி (குமுளி, ஒரு மனைவி): அவர் டாக்டரிடம் கால் தளர்ச்சியை மட்டும் சொல்றார், மத்ததைச் சொல்ல மாட்டேங்கிறார்.

பதில்: ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள் அம்மா. எது முதலில் வந்தது, எந்த மாதம். காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா. இருந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிறுநீர், மலம் எப்படி. தோட்டத்தில் மருந்து அடிக்கிறாரா. சில பூச்சிமருந்து நஞ்சு ஏறிய இரண்டு மூன்று வாரம் கழித்தும் கால் விழும். சாப்பிடும் எல்லா மாத்திரையும், முக்கியமாக பி.பி., மன அழுத்தம், நெஞ்சுவலி மாத்திரைகள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இருந்தால் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது.