.308 ரைஃபிள் மறுநிரப்பலுக்கு எந்த சைசிங் டை?

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸ்), மறுபடி நிரப்பும் முன் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சுதான் சைசிங் டை. போல்ட் ஆக்‌ஷன் .308-க்கு நெக் டையா, ஃபுல் லெங்த் டையா என்று கேட்டால், ஃபுல் லெங்த்தான். நெக் டை கேஸின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியை மட்டுமே இறுக்கும். சில முறை சுட்டதும் கேஸ் பருத்து, போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) மூட முரண்டு பிடிக்கும்.

டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கி, ஒவ்வொரு தடவையும் கம்பாரேட்டரால் (கேஸின் அடியிலிருந்து தோள்வரை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். சுட்ட கேஸைவிடத் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.002 அங்குலம் பின்னுக்குப் போனால் போதும். செமி ஆட்டோ என்றால் 0.003 முதல் 0.005 வரை. அதற்கும் மேல் தள்ளினால் சூட்டுக்குச் சூடு அடிப்பக்கப் பித்தளை மெலிந்து, கடைசியில் கேஸ் இரண்டாகப் பிய்யும்.

புஷிங் டை (கழுத்தை இறுக்கும் வளையமான புஷிங்கை மாற்றிக்கொள்ளக்கூடிய டை) என்றால், குண்டு பொருத்திய கழுத்தின் வெளிவிட்டத்தில் 0.002 அங்குலம் கழியுங்கள்: 0.335 என்றால் 0.333 புஷிங். கழுத்துச் சுவர் சீரில்லாத கேஸுக்குப் புஷிங் டை வாங்கும் காசு தண்டம்.

கேஸில் லூப் (மசகு) தடவ மறந்தால் கேஸ் டைக்குள் சிக்கும், கார்பைடு டையிலும்தான். அதிகம் தடவினால் தோளில் குழி விழும்.