மறைப்புக்கு மூங்கில் வேலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்புறம் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிவிட்டது. முற்றத்தில் வற்றல் காயவைத்தாலும் கிணற்றடியில் துணி துவைத்தாலும் அங்கிருந்து அத்தனையும் தெரிகிறது. 60 அடி நீளமுள்ள சுற்றுச்சுவரை ஒட்டி மூங்கில் வைக்க நினைக்கிறோம். வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும், பாம்பு குடியேறும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, வடவள்ளி, கோவை

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்த மூங்கிலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. அதன் நிலத்தடிக் கிழங்கு வளரும் விதத்தை வைத்து அதை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒரு வகையில் கிழங்கு கயிறுபோல மண்ணுக்குள் நீண்டு ஓடி, பல அடி தள்ளி, சில சமயம் அடுத்த வீட்டுத் தோட்டத்திலேயே முளைவிடும். மற்றொரு வகையில் கிழங்கு குட்டையாக வளைந்து, தாய்க்கழியின் காலடியிலேயே மேல்நோக்கித் திரும்பிப் புதுக்கழியாகிவிடும். நெற்பயிர் தூர் கட்டுவதைப் போல இதுவும் தூர் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கும். நம் சமவெளியில் வழிவழியாக வளர்ந்துவரும் மூங்கில்கள் இந்த இரண்டாம் வகையே. வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே ஏற்றது. பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 'கோல்டன் பாம்பூ' என்று நம் நாற்றுப் பண்ணைகளில் விற்பது பெரும்பாலும் தூர் கட்டும் மஞ்சள் மூங்கில். அதே பெயரில் வெளிநாடுகளில் குறிப்பிடப்படுவது மண்ணுக்குள் ஓடும் வேறொரு சீன மூங்கில்.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது வேலி மூங்கில். தாவரவியலில் இதற்குப் பாம்புசா மல்டிபிளெக்ஸ் என்று பெயர். கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாத கழிகள், 10 முதல் 20 அடி உயரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையை ஒட்டிய கணுக்களிலிருந்தே கிளையும் இலையும் விடும் இயல்பு ஆகியவையே மறைப்புக்கு வேண்டியவை. முள் மூங்கிலோ பீமா மூங்கிலோ வைத்தால் பசுமை முழுவதும் தலைக்கு மேலே போய்விடும். கண் மட்டத்தில் வெறும் கழிகள்தாம் நிற்கும், இடமும் பல மடங்கு அடைபடும்.

அஸ்திவாரம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். மூங்கிலின் வேர்கள் புல்லின் வேர்களைப் போல நார்நாராக, மேல்மண்ணில் பரவுபவை. ஆல், அரச மரங்களின் வேரைப் போல ஆண்டுக்கு ஆண்டு பருத்துச் சுவரைப் பிளப்பவை அல்ல. ஆனாலும் தூர் வருடந்தோறும் அகலும் என்பதை மறந்து, சுவருக்கு முக்கால் அடி தள்ளி நட்டுவிட்டால், கெட்டிப்பட்ட கிழங்குத் திரள் மெல்லிய சுற்றுச்சுவரை நெருக்கித் தள்ளக்கூடும். ஆகவே சுவரிலிருந்து 3 அடி விட்டு நடுங்கள். அந்த இடைவெளி வீணாகாது; ஓர் ஆள் உள்ளே நுழைந்து பின்பக்கத்துக் கழிகளைக் கழிப்பதற்கு அதுவே வழி. கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடி நீர்த்தொட்டி, பழைய குழாய் இணைப்பு ஆகியவற்றின் அருகே மட்டும் வேண்டாம். ஈரம் கசியும் இடத்தை வேர் தேடிப் போகும்.

செடிக்குச் செடி 3 அடி விட்டால் உங்கள் சுவருக்கு 20 செடிகள் போதும். நாற்று வாங்கும்போது பையைக் கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஒற்றைக் கழி மட்டும் நின்றால் தவிர்த்துவிடுங்கள். மூன்று நான்கு கழிகள் இருந்து, கடைசியாக முளைத்தது முந்தியவற்றைவிடச் சற்றே தடித்திருந்தால் அதன் கிழங்கு உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். 2 அடி ஆழ, அகலக் குழியில் மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் அரையடி மேடு கட்டி நடவேண்டும்.

முதல் ஆண்டில் ஏமாற்றமாக இருக்கும். செடி அப்படியே நிற்பதுபோல் தோன்றும். வேலையெல்லாம் மண்ணுக்குள் நடக்கும். மரத்தைப் போல மூங்கில் கழி பின்னால் பருப்பதில்லை. மண்ணைப் பிளந்து வரும்போதே குருத்து தன் முழுப் பருமனோடு வந்து, இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பின் அந்தக் கழி ஓர் அங்குலம்கூட வளராது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் புதிதாக வரும் கழிகள் முந்திய ஆண்டுக் கழிகளைவிட உயரமாக வரும். எனவே முதல் இரண்டு ஆண்டுகள் கோடையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால், மூன்றாம் மழை முடியும்போது மேல்மாடிக் கண்களிலிருந்து ஓரளவு விடுதலை கிடைக்கும். உதிரும் சருகைக் கூட்டி எரித்துவிடாமல் தூரடியிலேயே மூடாக்காகப் பரப்புங்கள்.

பாம்பு மூங்கிலைத் தேடி வருவதில்லை. அடைசலையும் அங்கே ஒண்டும் எலியையும் தேடித்தான் வரும். சருகுப் படுகையை மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் குவியவிடாமல், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை பக்கக் கிளைகளை அகற்றி, அடிப்பகுதியில் வெளிச்சம் படும்படி வைத்தால் அந்தக் கவலைக்குப் பெரிதாக இடமில்லை.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் வேலியோரம் வைத்த மஞ்சள் மூங்கில் இப்போது 30 அடிக்கு மேல் போய்விட்டது. நடுவில் காய்ந்த கழிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்வதால் மனத்தாங்கலும் வந்துவிட்டது. அடியோடு வெட்டிவிடலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடியோடு வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரின் குறை நியாயமானது. இந்தக் கோடைக்குள் அதைத் தீர்த்துவையுங்கள். நீங்கள் சொல்லும் நிலை கழிகளைக் கழிக்காமல் விட்டதால் வந்தது. மூங்கில் வேலியை நட்டவர்களில் பலர் ஆண்டுக்கொரு முறை வாள் எடுத்து உள்ளே போகவேண்டும் என்பதை அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குருத்து விடும் மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள். மழை ஓய்ந்தபின், தை மாசியில் தொடங்குங்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து தூரின் நடுவரை, குதிரை லாட வடிவில் ஒரு வழி வெட்டுங்கள். காய்ந்தவை முதலில் போகட்டும். அடுத்து, மூன்று ஆண்டைத் தாண்டியவை. கழியின் வயதைக் கண்டறிவது கடினமன்று. இந்த ஆண்டுக் கழியின் கணுவில் பழுப்பு மயிர் படிந்த உறை இன்னும் ஒட்டியிருக்கும், தோல் பளபளக்கும். முதிர்ந்ததில் மினுக்கம் மங்கிச் சாம்பல் திட்டுகள் படர்ந்திருக்கும். இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் வந்த கழிகளைத் தொடவேண்டாம், வரும் மழைக்குக் குருத்தூட்டப் போவது அவையே. உயிருள்ள கழிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள்.

வெட்டும் இடத்திலும் கவனம் தேவை. தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே, கணுவைத் தொட்டாற்போல் அறுங்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவே அறுத்தால் அடிக்கட்டை ஒரு குவளையாகிவிடும். அதில் மழைநீர் தேங்கி, டெங்குக் கொசு முட்டையிட நாமே இடம் செய்து கொடுத்ததாகும்.

பக்கத்து வீட்டுத் திசையில் இனி தூர் நகராமல் இருக்க, மழைக்காலத்தில் அந்தப் பக்கம் முளைக்கும் குருத்துகளை ஓரடி உயரத்துக்குள் இருக்கும்போதே காலால் தட்டி ஒடித்துவிடுங்கள். அப்போது கீரைத்தண்டுபோல் ஒடியும், இரண்டு வாரம் விட்டால் அரிவாள் வேண்டும். வெட்டிய பச்சைக் கழிகளை அப்படியே புடலைப் பந்தலுக்குக் காலாக நட்டுவிடாதீர்கள். மஞ்சள் மூங்கில் கணுவில் வேர்பிடித்துத் துளிர்க்கும் இயல்புடையது. மாவுச்சத்து மிகுந்த இதன் கழியை வண்டும் எளிதில் துளைக்கும் என்பதால், சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தியபின் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பாடை கட்டும் மூங்கிலை வீட்டில் வளர்க்கக்கூடாது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
வாசகி, மதுரை

பதில்: உங்கள் மாமியாரின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தலமரமே மூங்கில்தான். அத்தலத்துக்கு வேணுவனம் என்றே பெயர். கல்யாணப் பந்தலும் முறமும் தொட்டிலைத் தாங்கும் கழியும் மூங்கில்தானே. வளர்க்கத் தடையில்லை என்பதே என் கருத்து. அவருக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் வாசலுக்கு நேரே வைக்காமல் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூங்கில் பூத்தால் செத்துவிடும் என்கிறார்கள். பாடுபட்டு வளர்த்த வேலி ஒரே நாளில் போய்விடுமா?
வாசகர், கூடலூர், நீலகிரி

பதில்: உங்கள் பக்கத்துக் காடுகளில் உள்ள முள் மூங்கிலுக்கு அது உண்மை. ஏறத்தாழ 40, 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசி உதிர்த்துவிட்டு மடிந்துபோகும். ஒரே நாளில் அல்ல, மாதக்கணக்கில் மெல்லக் காயும். மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது. நீங்கள் முள் மூங்கிலையே விரும்பினால், நாற்று விதையிலிருந்து வந்ததா, கழியைப் பதியம் போட்டு எடுத்ததா என்று பண்ணையில் கேளுங்கள். பதியச் செடி பார்வைக்கு இளசாக இருந்தாலும் தாய்த்தூரின் வயதையும் சுமந்துகொண்டே வருகிறது. தாய் பூக்கும் காலத்தில் அதுவும் பூக்கும். விதை நாற்றின் வயதோ, விதை முளைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது.